குண்டெழுத்து

கூரான எழுத்தைப் பார்த்தால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறதாம். அதனால் குலாப்ஜாமூன் போல் உருண்டு திரண்ட ஒரே எழுத்துருவில்தான் எதையும் அச்சிட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது.

பவளக்கொடியின் வீட்டுச் சுவரில் அந்தக் குண்டெழுத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏதோ நல்ல சேதி என்று அவள் வாசிக்கவேயில்லை. புல்டோசர் வந்தபோது, ரோடு போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஆரத்தி எடுத்தாள்.

"தள்ளி நில்லுக்கா, உன் வீட்டத்தான் இடிக்கணும்" என்றான் டிரைவர்.

மறுநாள், வயிறெரிந்து, "நாசமாய்ப் போவீர்கள்" என்று முடித்து மனு அடித்தாள். அதுவும் குண்டெழுத்தில்தான் அச்சாகி வந்தது. அதிகாரி தூரத்திலிருந்தே பார்த்துக் கைகூப்பினார்.

"வாழ்த்துக்கு ரொம்ப நன்றிம்மா! ஆபீஸ் சுவத்துல ஒட்டச் சொல்றேன்."