மூன்றாவது ஓலை

முதல் அடி விழும் முன்பே டைட்டஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "உள்ள கம்ப்யூட்டருங்க இருக்குது சார். ரோட்டுக்குப் போய்டலாம்" என்று அவனே தன் பிரவுசிங் சென்டரை விட்டு இறங்கினான்.

சுந்தர்ராஜ் இடுப்பு பெல்ட்டை உருவினார். பித்தளைக் கொக்கி டைட்டஸின் புருவத்தைக் கிழித்தது.

சுந்தர்ராஜ் முப்பது வருடம் தோல் டேனரியில் சூப்பர்வைசர், இப்போது சபைச் செயலாளர். அவர் வீட்டு விஷயம் ஒன்றுகூடத் தெருவுக்கு வந்ததில்லை. மகள் ஹெப்சிக்கு வேலூர் மாப்பிள்ளை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணம்தான்.

இந்த நேரத்தில் தபாலில் ஒரு மொட்டைக் கடிதம். உள்ளே டைட்டஸின் ஆர்குட் பக்கம், பிரிண்ட் எடுத்தது. ஹெப்சியின் படம், கீழே 'என் மனைவி'. அதைப் பார்க்கும் நண்பர்கள் ஆறே பேர். ஓரத்தில், ஐந்து மணிக்குக் கடையில் இருப்பான் என்று டைப் அடித்த ஒரு வரி.

ஐந்து மணிக்குத்தான் ஷூ கம்பெனியில் ஷிப்ட் விடும். பிரியாணிக் கடை வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரே தலைகள்.

"என் பொண்ணு ஹெப்சிய பொண்டாட்டின்னு எழுதுவியாடா?" ஒவ்வோர் அடிக்கும் அதையே கேட்டார். உதடு பிளந்தது, ஒரு பல் தார் ரோட்டில் தெறித்தது. டைட்டஸ் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. பெல்ட் அறுந்ததும் காலால் உதைத்தார். பிரியாணிக் கடை இஷ்தியாக் அகமது ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா. ஆம்பூர் முழுக்க இதே பேச்சாம். மூன்றாவது ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சுந்தர்ராஜ் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். "ஆறு பேர் பாத்தது, ஒரு மணி நேரத்துல எப்படிம்மா வேலூர் வரைக்கும் போச்சு?"

கையில் பஞ்சும் டிஞ்சர் பாட்டிலுமாக, ஹெப்சி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னாதான் ஊரே கேக்கும்னு, அந்த லெட்டர நான்தான்பா போட்டேன்."