மூடியில் ஒட்டிய பேர்

“என் பேரைக் கிழிச்சுட்டு உங்க பேரை ஒட்டியிருக்கீங்க அக்கா. இது களவு இல்லாம வேற என்ன?”

கஜனி இதை மூன்றாவது தடவையாகச் சொன்னாள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி.

பிலிமத்தலாவையில் ரோசாச் செடிகளைப் போத்தலுக்குள் பெருக்கும் இடம் அது. தண்டில் சின்னத் துண்டை வெட்டி ஜெலியில் நட்டு, மூடியில் அவரவர் பேரை ஒட்ட வேண்டும். நடும்போது கிருமி அண்டாமலிருக்க மேசையில் ஸ்பிரிட் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மூச்சுப் பட்டாலே பூஞ்சணம் பிடித்துவிடும்.

இன்று எண்ணுகிற நாள். கஜனி சேர்ந்து ஆறு மாதம். பத்துப் போத்தலுக்கு மேல் கெட்டிருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வேலை நிரந்தரம்.

“நான் நட்டதைக் காட்டி நீங்க நல்ல பேர் வாங்கப் பாக்குறீங்க.”

“கத்தி முடிஞ்சுதா? முடிஞ்சா கையைக் கழுவிட்டு வா” என்றாள் அனற். பத்து வருஷமாக இங்கே இருக்கிறவள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிஞ்சியது ஒன்றுதான்: பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

பொறுப்பாளர் சுதேஷ் பதிவுக் கொப்பியோடு வந்தார். அனற் பேர் ஒட்டிய பன்னிரண்டு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பன்னிரண்டிலும் ஜெலிமேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம்.

கஜனி அப்போதுதான் போத்தலுக்குள் பார்த்தாள். அதுவரை மூடியை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

“எல்லாம் கெட்டுப்போச்சு அனற். ஒரு மாசம் போத்தல் கழுவுங்க.” போத்தல் கண்ணாடியில் எழுதியிருந்த தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “இது போன செவ்வாய்க்கிழமை நட்டது. அன்னைக்கு நீங்க லீவாச்சே?”

“அரைநாள் வந்தேன் சேர்.”

சுதேஷ் அவளுடைய சிவந்த காதைப் பார்த்தார். பிறகு அவள் பேரிலேயே எழுதிக்கொண்டார்.

கஜனியின் தட்டில் மிச்சப் போத்தல்களெல்லாம் பச்சையாய்த் துளிர்த்திருந்தன. நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அனற் முகமூடியைக் கட்டிக்கொண்டு விளக்கைப் பற்றவைத்தாள். அறை அடங்கியது.

கஜனி வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று சுதேஷ் பக்கம் திரும்பினாள்.

“சேர், அந்தப் பன்னிரண்டும் நான் நட்டது. என் பேர்லயே எழுதிருங்க.”