பிரேக்ல மட்டும் கால் வெக்காதீங்க

பக்கத்து இருக்கையில் கிரீஸ் கறையோடு கிடந்த மெக்கானிக்கின் போன் நான்காவது முறையாக அடித்தது. மலைச்சாலை இறக்கத்தில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், மெக்கானிக் பேசறேன். என் போனை வண்டியிலயே வெச்சுட்டேன், இது வேற போன்.”

‘சார்’ என்றதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “சொல்லுங்க” என்றான்.

“பதறாம கேளுங்க. பிரேக்ல மட்டும் கால் வெக்காதீங்க.”

வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

“புது ஸ்பிரிங், புது ஷாக் அப்சார்பர் எல்லாம் மாட்டியாச்சு. ஆனா போல்ட்டை வெறும் கையாலதான் திருகி வெச்சிருக்கேன். வண்டியைக் கீழ இறக்கி, சக்கரத்துல பாரம் விழுந்த அப்புறம்தான் ஸ்பேனர் போட்டு முறுக்கணும். நான் கை கழுவப் போன நேரத்துல நீங்க கிளம்பிட்டீங்க.”

“பிரேக் போட்டா என்ன ஆகும்?”

“முன் சக்கரம் கழண்டு தனியா ஓடிடும்.”

ஐம்பது வருடப் பழைய, இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் அது. கிளம்பியதிலிருந்தே சின்னக் கல்லில் ஏறினாலும் ‘டக் டக்’ என்று முதுகெலும்பில் இடித்தது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான், மடையன். இப்போது ஒவ்வொரு ‘டக்’கும் ஒரு போல்ட் கழன்று விழும் சத்தமாகக் கேட்டது.

‘இனிமே வண்டி வண்டின்னு அலையமாட்டேன்’ என்று காலையில்தான் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். சத்தியம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சாலையோரம் தடுப்புச்சுவர்கூட இல்லாத பள்ளம்.

“அண்ணே, எனக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு.”

“அதான் நான் இருக்கேன்ல. ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டு வாங்க. அடிவாரத்துல பெட்ரோல் பங்க் வரும். அதைத் தாண்டினதும் இடது பக்கம் ஒரு கேட் திறந்திருக்கும். உள்ள நல்ல மேடு, வண்டி தானா நின்னுடும்.”

இன்னும் மூன்று வளைவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கால் தன் பாட்டுக்குப் பிரேக்கைத் தேடிப் போனது. தொடையைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டான். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத சாமிகளையும் கூப்பிட ஆரம்பித்தபோது பங்க் வந்தது. கேட்டுக்குள் திருப்பினான். கார் மேட்டில் ஏறி, இருமி, நின்றது.

ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

“நின்னுடுச்சுண்ணே. நீங்க நல்லா இருக்கணும்.”

“பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

நிமிர்ந்து பார்த்தான். “காக்கி யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேர் லத்தியோட ஓடி வர்றாங்க.”

“நல்லது. போல்ட்டெல்லாம் நேத்தே முறுக்கியாச்சு. காரோட ஓனர் இங்க என் பக்கத்துலதான் நிக்கிறாரு.”