பாஞ்சாலி வளர்த்த பூச்சி

உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் மயிர் முளைத்த எட்டுக்கால் பூச்சி. எலி பிடிக்கிற மாசி அதை வரப்பு வளையில் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பாஞ்சாலிக்குக் கொடுத்தான். மறுவாரமே காய்ச்சல் முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"தெனம் ஒரு வெட்டுக்கிளி போடு நைனா. நா வர்ற வரைக்கும் பூச்சிய பட்னி போட்றாத."

அவள் அப்பன் வீராசாமி வயலெல்லாம் வெட்டுக்கிளி துரத்தினான்.

"இன்னாடா, மாட்டுக்குப் புல்லு அறுக்கறத வுட்டுட்டு பூச்சிக்கு நாஷ்டா தேடிக்கினு கீற?" என்று பக்கத்து வயல் சேட்டு சிரித்தான்.

"கொழந்த வந்து கேக்கும்டா."

ஒன்பதாம் நாள் பூச்சி எதையும் தின்னவில்லை. விடிந்து பார்த்தால் எட்டுக் காலையும் மடக்கி மல்லாந்து கிடந்தது. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினான்.

"துன்னுச்சா நைனா?"

"ரெண்டு துன்னுச்சும்மா."

"துன்னாம மல்லாந்துக்கினு கெடந்தா பயந்துக்காத. தோலு உரிக்குதுன்னு அர்த்தமாம், மாசி சொல்லிச்சு. தொடாம வுட்டா ஒரு நாள்ல எழுந்துக்குமாம்."

அடித்துப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பி மண்ணைக் கிளறினான். பாதி உரிந்த தோலோடு எறும்பு மொய்த்துக் கிடந்தது.

அதிலிருந்து நாலாம் நாள் பாஞ்சாலியைக் கொண்டுவந்து வாசலில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் குனிந்தபோது, வீராசாமி குறுக்கே விழுந்தான்.

"தொடாதீங்கடா! ஒரு தடவ அவசரப்பட்டுப் பொதச்சிட்டேன். ஒரே ஒரு நாள் அப்டியே வுடுங்க... எழுந்துக்கும்."