ஒரே பாய்

"டியூப் விட்டுத்தான் பாக்கணும்மா" என்றார் டாக்டர்.

பிலோமினா பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். டியூபை எங்கே விடுவார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? மடியிலிருந்த ஜெப்ஸி ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளைக்கு ஒன்றுக்குப் போனால் எரிகிறது. போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் வருகிறது என்கிறாள். ராத்திரியில் பாயை நனைக்கிறாள். வீச்சம் அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

தெருவே வைத்தியம் சொன்னது. தூத்துக்குடி வெயிலுக்கு எல்லாமே சூடுதானே! நுங்கு, பார்லித் தண்ணீர், தொப்புளில் விளக்கெண்ணெய் எல்லாம் ஆயிற்று. டாக்டரும் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தால் மட்டும் ஒரு கிருமியும் இல்லை.

துவைத்துத் துவைத்து பிலோமினாவின் கைத்தோல் உரிந்துவிட்டது. ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

"ராத்திரி கீழ சொறியுதாளா?" என்று கேட்டார் டாக்டர்.

"சொறியுதா டாக்டர். கைய அங்கன கொண்டு போவாதன்னு அடிச்சே பாத்துட்டேன்."

"வீட்ல வேற யாருக்கும் அரிப்பு உண்டா?"

"இல்ல."

பட்டென்று சொல்லிவிட்டாள். டாக்டர் சீட்டை இழுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுத ஆரம்பித்தார்.

"வேண்டாம்மா, இனிமே சொறிய மாட்டேம்மா" என்றாள் ஜெப்ஸி.

அதற்கு மேல் பிலோமினாவால் தாங்க முடியவில்லை. மானம் போனால் போகட்டும், பிள்ளையைப் போட்டுக் குத்திக் குடைய வேண்டாம்.

"டாக்டர், எனக்கும் அரிக்கி."

"எப்பருந்து?"

"அவளுக்கு முந்தியே."

எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே பாய்லயா படுக்கீங்க?"

அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்து டார்ச் அடித்துப் பார்த்தவர், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கீரிப்பூச்சிம்மா, வயித்துப் புழு! ராத்திரி ஆசனவாய்க்கு வெளிய வந்து முட்ட போடும். அரிப்பு, எரிச்சல் எல்லாம் அதாலதான். இத நான் முதல்லயே கேட்டிருக்கணும். வீட்ல எல்லாரும் சேந்தாப்ல மாத்திர போடுங்க. டியூபும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஜெப்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பிலோமினாதான் எழுந்திருக்கவில்லை.

"இது... கப்பல்ல போறவங்க கொண்டுட்டு வாரது இல்லியே டாக்டர்?"

"கப்பலுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அவள் புருஷன் பெனிஸ்டனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்து போன பிறகுதான் இந்த அரிப்பு வந்தது. எந்தத் துறைமுகத்தில் எவளிடம் போய் வாங்கி வந்தானோ என்று மனசுக்குள்ளேயே வைத்துக் குமைந்தாள். வெளியே சொல்லவா முடியும்? கப்பல்காரன் பெண்டாட்டியைத்தான் ஊர் பேசும்.

பாவி மனுஷன், திரும்பக் கப்பலேறிய நாளிலிருந்து சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் நின்று கூப்பிடுகிறான். போன் அடித்ததும் அவள் ஜெப்ஸியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"அம்மா எங்கட்டி?" என்று அவன் கேட்பது அடுப்படி வரைக்கும் கேட்கும்.