பொங்கிவேயின் வெடி

“எதிர்ல வர்றது உன் புருஷனா இருந்தாலும் சுடுவியா?” துப்பாக்கியைக் கையில் கொடுக்கும்போதே மஸேகோ கேட்டார்.

“சுடுவேன் பாபா. யோசிக்கக்கூட மாட்டேன்,” என்றாள் பொங்கிவே.

பயப்பட வேண்டாம், அதில் குண்டு கிடையாது, வெறும் சத்தம்தான். விடியலில் மலைநகரத்திலிருந்து கிளம்பிய பல்லாயிரம் பேர், பொழுது சாய்வதற்குள் இந்தக் கடலோர மைதானத்துக்கு ஓடி வந்து சேர வேண்டும். வெடி வெடித்த பிறகு எல்லைக்கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றாலும் பதக்கம் இல்லை. தொண்டர்கள் கை கோத்து வழியை அடைத்துவிடுவார்கள்.

சுடுகிறவர் ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். முகத்தைப் பார்த்தால் விரல் இளகிவிடுமாம். இத்தனை வருஷமும் ஆண்கள்தான் சுட்டார்கள். இந்த முறை கமிட்டி பொங்கிவேயைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து, தொண்டர்களின் தலைவரான மஸேகோவுக்கு மனசே ஆறவில்லை.

“பொம்பள மனசு, மகளே. கடைசி நிமிஷத்துல கரைஞ்சிடும். என் பையனும்தான் ஓடுறான், நான் என்ன எட்டி எட்டியா பாக்குறேன்? யாரு வந்தாலும் கடிகாரம் ஒண்ணுதான்.” சொல்லிக்கொண்டே சாலைப் பக்கம் கழுத்தை நீட்டினார்.

“போன வருஷம் இங்க கை கோத்து நின்னது யாரு பாபா? என் புருஷன் டெலானி ஓடி வந்து மோதினது என் கையிலதான். விட்டேனா நானு?”

துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அந்த உடம்பு அன்று அவள் காலடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுததை மஸேகோவும் பார்த்திருந்தார். அதன்பின் பல நாள் டெலானி அவளோடு பேசவே இல்லை. எத்தனையோ முறை ஓடியும் ஒரு பதக்கம்கூட வாங்காத மனுஷன். இன்று கிளம்பும்போது மட்டும், “நீ சுடுறதுக்குள்ள உள்ள இருப்பேன்டி,” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

பொங்கிவே மேடையில் ஏறினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணைக் கையிலிருந்த கடிகாரத்தில் நட்டாள். அவள் ஏமாற்றாமல் இருக்கிறாளா என்று காவல் காக்க மஸேகோவும் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம், பாட்டு, ஊதல், அழுகை எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்டன. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

முள் கடைசிச் சுற்றில் இறங்கியது. கூட்டம் ஒரே குரலில் அலறியது.

“மகளே!” மஸேகோவின் குரல் திடீரென்று உடைந்தது. “ஒரு மூச்சு பொறு. ஒரே ஒரு மூச்சு. இதோ, கிட்ட வந்துட்டான்!”

இந்தக் கல் மனசே இளகுகிறது என்றால், டெலானி எந்தக் கோலத்தில் ஓடி வருகிறானோ! திரும்பிவிடலாமா என்று கழுத்து துடித்தது.

உடனே கோபமும் வந்தது. இத்தனை நாள் பொம்பள மனசு, பொம்பள மனசு என்று பேசிய வாய், இப்போது இரக்கப்பட வந்துவிட்டதா? இவருடைய இரக்கம் யாருக்கு வேண்டும்? இன்று இவள் ஒரு மூச்சு பொறுத்தால், இனி எந்தப் பெண் கையிலும் இந்தத் துப்பாக்கி வராது.

“கெஞ்சிக் கேக்குறேன்...” மஸேகோ அவள் தோளைப் பிடித்தார். அவள் உதறினாள்.

முள் உச்சியைத் தொட்டதும் வெடி வெடித்தது.

மைதானம் “ஐயோ” என்று ஒரு பெருமூச்சு விட்டது. பொங்கிவே திரும்பவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிய, துப்பாக்கியை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள்.

“இந்தாங்க பாபா. கரையல, பாத்துக்கோங்க. அடுத்த வருஷமும் நான்தான் சுடுவேன்.”

அதை வாங்க அங்கே யாரும் இல்லை.

அவள் மேடையிலிருந்து குதித்தாள். கை கோத்து நின்ற தொண்டர்களுக்கு அந்தப் பக்கம் ஒருவன் குப்புற விழுந்து கிடந்தான். “டெலானி! என்னை மன்னிச்சிரு டெலானி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பற்றி நிறுத்தியது. திரும்பினாள். வியர்வையில் நனைந்த நெஞ்சில் ஒரு பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

“என்னை ஏன்டி அங்க தேடுற? அது பாபாவோட பையன்.”