மீசையில் ஒட்டிய காபித்தூள்

"கெட்ட கொழுப்பு மறுபடியும் ஏறியிருக்கு," என்று வெள்ளைக் கோட் அணிந்த பெண்மணி ரிப்போர்ட்டை எதிரே இருந்த மீசைக்காரர் பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் பரீட்சையில் தோற்ற பிள்ளைபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"காபி எப்படிக் குடிக்கிறீங்க?"

"பேப்பர்ல வடிகட்டித்தான்."

"தூளைப் போட்டுக் கொதிக்க வச்சு, அப்படியே ஊத்திக் குடிக்கிறதில்லையே?"

"சேச்சே, அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு."

"அப்படிக் குடிச்சா தூள்ல இருக்கிற எண்ணெயும் சேர்ந்து உள்ள போய்க் கொழுப்பை ஏத்தும். பேப்பர்னா அதைப் பிடிச்சு வச்சுக்கும். தெரியும்ல?"

"தெரியாமலா?" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்.

"அப்புறம் மீசையில தூள் எப்படி ஒட்டிச்சு?"

அவர் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. இத்தனை வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை, கூடவே இருந்து குழி பறித்துவிட்டது.

"வடிகட்டினா சப்புன்னு இருக்குங்க," என்றார் ஈனசுரத்தில்.

"நான் ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்றவ. இதுக்கு மேல சொன்னா அதிகப்பிரசங்கித்தனம். உங்க கோட் அந்த ஆணியில தொங்குது. வெளியில பேஷண்ட் காத்துக்கிட்டு இருக்காங்க, டாக்டர்."

டாக்டர் மீசையை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கோட்டை மாட்டியபடி தன் அறைக்குப் போனார். முதலில் வந்தவரின் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் குரலைக் கனமாக்கிக்கொண்டார்.

"காபி எப்படிக் குடிக்கிறீங்க?"

"பேப்பர்ல வடிகட்டித்தான், டாக்டர்."

டாக்டர் அந்த மனிதரின் மீசையை உற்றுப் பார்த்தார். அதிலும் காபித்தூள். திட்ட வாயெடுத்தவர், கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தூள் எந்தக் கடையில வாங்குறீங்க?"